அரை மூன்று

லெர்விக்
16 ஜனவரி 1984

ப்ரேபென்,

பழந்துப்பாக்கிச் சங்கத்தின் செய்தி இதழ் இங்கே என் அம்மா வீட்டுக்கும் வந்துவிட்டது. எய்வின்ட் பெயருக்குத்தான் வருகிறது. சந்தாவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும். தபால்காரர் காற்றில் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நீட்டினார். பதினான்காம் பக்கத்தில் கறுப்புக் கட்டம். அதற்குக் கீழே மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நம் உறுப்பினர், துப்பாக்கி காலியா என்று பார்க்காமலே, துருப்பிடித்த திருகைக் கழற்றக் குழலைச் சூடாக்கினார். தகவல், அவருடைய தம்பி ப்ரேபென்.

இதையேதான் போலீசுக்கும் சொன்னீர்கள். அப்போது நான் பக்கத்து அறையில் இருந்தேன். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அச்சில் பார்த்த பிறகுதான் இறங்குகிறது.

எய்வின்ட் பார்க்காமல் சூடாக்கினானா?

உங்கள் மாமா பெண்ணின் கல்யாண விருந்து நினைவிருக்கும். விடுதிச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த துப்பாக்கியைக் கழற்றி, சமையல்கட்டிலிருந்து துடைப்பக் கம்பு வாங்கி வந்து உள்ளே விட்டான். எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "இவர் பொண்ணு வீட்டு ஆளா, போலீஸ் ஆளா?" அவன் சிரிக்கவில்லை. கம்பைப் பெருவிரலால் குழல் வாயில் பிடித்து, வெளியே எடுத்து, குழலை ஒட்டி வைத்து அளந்தான். அடிவரை எட்டினால் காலி. மூன்று விரல் குறைந்தால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கிறது. நூறு வருடமானாலும் மருந்து சாகாது. இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொன்று. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், பதின்மூன்று வருடம் முன்பு இதே ஊர்த் துறைமுகத்தில், ஒரு மீன்படகின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தவன், ஏலக் கடிகாரத்தின் கீழே அரை மூன்றுக்குச் சந்திப்போம் என்றான். எனக்குத் தெரிந்த அரை மூன்றுக்கு நான் போனேன். எங்களுக்கு அது மூன்றரை. டேனிஷ்காரர்கள் உங்களுக்கு இரண்டரையாம், மூன்றாவது மணியில் பாதி. ஒரு மணி நேரம் ஆலங்கட்டி மழையில் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் கடிகாரத்தைக் காட்டினான். "இது பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?" கோபமே இல்லை. அப்படிக் காத்திருக்கத் தெரிந்தவன், கோலை எடுத்து விட்டுப் பார்க்க ஒரு நிமிடம் செலவழிக்க மாட்டானா?

அவன் சாவதற்கு முந்தின ஞாயிறு, பண்ணையில் கிடைத்த பதினொரு பழைய துப்பாக்கிகளுக்கும் நீங்கள் இருவரும் கோல் விட்டீர்கள். காலியா நிறையா என்று பதினொரு அட்டைகளை நான் எழுதினேன், நான் கட்டினேன். அவனைக் கொன்ற துப்பாக்கிக்கும் ஒன்று கட்டினேன். போலீஸ் எடுத்த படங்களில் அது இல்லை.

இதழ் ஆசிரியர் ப்ரூனுக்கு எழுதித் திருத்துங்கள். அவனுக்கு மிச்சம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

மெரன்

*

சோன்டர்போர்க்
27 ஜனவரி 1984

மெரன்,

பன்னிரண்டு வருடம் நீ என்று கூப்பிட்டவள் நீங்கள் என்கிறாய். கடிதத்தை இரண்டு தடவை உறையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், வேறு யாருக்காவது எழுதியதோ என்று.

பாலத்து அறையிலிருந்து எழுதுகிறேன். நீரிணை ஓரங்களில் உறைந்திருக்கிறது. காலையிலிருந்து ஒரே ஒரு படகு. பாலத்தைத் தூக்கினேன், இறக்கினேன். கார்க்காரர்கள் என்னை ஏதோ நான்தான் கடலைக் கொண்டுவந்து வைத்தவன் போலப் பார்த்தார்கள்.

நீ கேட்டதற்கு இதுதான். எய்வின்ட் எப்போதும் பார்ப்பான். அன்று பார்க்கவில்லை. நான் சொன்னது அவ்வளவுதான், அதில் பொய் இல்லை. ஆயிரம் தடவை பார்த்தவனுக்கும் பார்க்காத ஒரு தடவை வரும்.

அட்டையைப் பற்றி. பத்துத்தான் கட்டினாய் என்று நினைக்கிறேன். நடுவில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்து நீ எழுந்து போனாய். திரும்பி வந்தபோது ஒன்று விட்டுப்போயிருக்கும்.

போலீஸ் கோப்பை மூடிவிட்டார்கள். நீ சொன்னபடி பதினொன்றையும் ஊர் அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டேன். ரசீது உனக்கு நேராக வரும். கொட்டகையைப் பூட்டிவிட்டேன். கதவில் குண்டு பதிந்த இடத்தை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். அவன் பார்த்தால் வேலை மோசம் என்பான்.

இதை இப்படியே விட்டுவிடேன், மெரன்.

ப்ரேபென்

*

லெர்விக்
9 பிப்ரவரி 1984

ப்ரேபென்,

அட்டைகளை ஓட்ஸ் பெட்டியிலிருந்து வெட்டினேன். ஞாயிறு காலை, நீங்கள் இருவரும் கெக்னெஸ் பண்ணையிலிருந்து துப்பாக்கிகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தபோதே. எய்வின்ட் ஒவ்வொரு துப்பாக்கிக் கட்டையின் அடித்தகட்டையும் துடைத்து, அதில் குத்தியிருந்த எண்ணை எனக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். படைவீரனின் எண். பதினொன்று. பார்த்துப் பார்த்து அட்டைகளில் முன்கூட்டியே எழுதி வைத்தேன். பிறகு நீங்கள் கொட்டகைக்குள்ளிருந்து எண்ணைச் சொல்லி காலி என்றோ நிறை என்றோ கூவ, நான் சமையலறை மேசையில் அந்த எண்ணுக்குரிய அட்டையில் காலி என்றால் கரிப்பென்சிலாலும் நிறை என்றால் சிவப்புப் பென்சிலாலும் எழுதினேன். கோல் விட்டவர் பெயரின் முதலெழுத்தும். அட்டை மிஞ்சவில்லை. விட்டுப்போகவில்லை.

நேற்று அருங்காட்சியகத்தின் ரசீது வந்தது. ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் ரிக்மோர் என்ற பெண் அனுப்பியது. மிகவும் ஒழுங்கானவர். அவனைக் கொன்ற எண் 53-க்கு நேரே இப்படி எழுதியிருக்கிறார்: குழலும் அதன் பின்வாயை மூடும் அடித்திருகும் தனித்தனி. கட்டை முழுதாக. விசையைச் சுற்றிய காப்பு வளையத்தில் ஒரு துண்டு நூல், முடிச்சோடு, கத்தியால் அறுத்தது.

முடிச்சு என்னுடையது. என் அப்பா தூண்டில் கட்டுகிற முடிச்சு. கையால் அவிழாது. எய்வின்ட் ஒவ்வொரு தடவையும் திட்டுவான்: "உங்கப்பன் மீன் புடிச்சாரா, இல்ல கைதி புடிச்சாரா?"

ஆகவே அட்டை இருந்தது. யாரோ அறுத்தார்கள். நான் கடையிலிருந்து ஓடி வந்தபோது கொட்டகையில் இரண்டு பேர்தான். ஒருவன் தரையில்.

அந்த அட்டையில் உங்கள் முதலெழுத்து இருந்தது. அதனால் அறுத்தீர்கள். நீங்கள் கோல் விட்டீர்கள், காலி என்றீர்கள், அவன் நம்பினான். அதன் பிறகு பழியைச் செத்தவன்மேல் போட்டீர்கள். அவனால் மறுக்க முடியாது என்று தெரியும்.

நானே ப்ரூனுக்கு எழுதட்டுமா, நீங்கள் எழுதுகிறீர்களா?

மெரன்

*

சோன்டர்போர்க்
24 பிப்ரவரி 1984

மெரன்,

ஆம்.

அட்டை இருந்தது. "53. காலி. ப்ரே." என் சட்டைப்பையில் கத்தி இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அறுத்தேன். வீட்டு அடுப்பில் போட்டேன்.

கோல் எதிலோ இடறி நின்றது, அடி என்று நினைத்துவிட்டேன். எடுத்து வெளியே வைத்து அளக்கவில்லை. குளிர், விரல் மரத்துப் போயிருந்தது. இது காரணம் இல்லை என்று எனக்கே தெரியும்.

ப்ரூனுக்கு எழுதிவிட்டேன். நகல் இதோடு. நீ கேட்டபடி அவன் பெயர் சுத்தமாக இருக்கிறது. தவறான தகவல் கொடுத்தவன் நான், எய்வின்ட் அதை நம்பினான் என்று இருக்கிறது.

இனி இதைப் பற்றிக் கேட்காதே. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கேட்காதே.

ப்ரேபென்

*

லெர்விக்
12 மார்ச் 1984

ப்ரேபென்,

உங்கள் கடிதத்தைக் கரியடுப்பின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். எரிக்கவில்லை. தினமும் எடுத்துப் படிக்கிறேன், சாப்பாட்டுக்கு முன்.

மன்னிக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து மாதமாக என் கோபம் இந்த வீட்டுக்குள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது. செத்தவன்மேல் சில நாள், என்மேல் சில நாள், அந்தத் துப்பாக்கியை நிறைத்துவிட்டுச் சுடாமல் போன, எங்கேயோ மண்ணாகிப்போன ஐம்பத்துமூன்றாம் எண்காரன்மேல்கூட. எய்வின்ட் அவனுடைய பெயரைப் படைப் பதிவேடுகளில் தேடிக்கொண்டிருந்தான். 1864 போரில் நிறைத்திருப்பான் என்றான். பின்வாங்கும்போது சுட நேரமில்லாமல் ஓடியிருப்பான், பண்ணைக்காரன் வைக்கோலுக்குள் ஒளித்திருப்பான் என்றான். அதை ஒரு நல்ல செய்தி மாதிரிச் சொன்னான். இப்போது கோபத்துக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது.

என் அம்மா என்னைப் பார்த்து, கொஞ்சம் சாப்பிடுகிறாய் என்றாள். ஆம், சாப்பிடுகிறேன்.

இரண்டு கேள்விகள். கேட்காதே என்றீர்கள், கேட்கிறேன்.

ஒன்று. அன்று நான் சிவப்பில் எழுதியது ஒரே ஓர் அட்டை. 63. குண்டை உருவி எடுக்கும் திருகாணி வந்ததும் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்று எய்வின்ட் தனியாகச் சாய்த்து வைத்தான். அது இப்போது நிறைத்தபடியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வருகிற இடம். அதற்கு என்ன செய்தீர்கள்?

இரண்டு. நீங்கள் அவனோடு இருந்தீர்கள். கடைசியாக என்ன பேசினான்?

மெரன்

*

சோன்டர்போர்க்
28 மார்ச் 1984

மெரன்,

இரண்டாவதற்கு முதலில். காபி போடச் சொன்னான். நான் சமையலறையில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாகக்கூட இல்லை. குண்டு முன்னால் கதவுக்குப் போனது. பாதி கழன்றிருந்த அடித்திருகு பின்னால் வந்தது. அவனுக்கு வலித்திருக்காது. மருத்துவர் சொன்னார், நானும் பார்த்தேன்.

63-ஐ நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அருங்காட்சியகத்துக்கு எழுத வேண்டாம். பூட்டிய அறையில் இருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள். அடுத்த மாதம் நானே போய் முடித்துவிடுகிறேன். ரிக்மோருக்கு நிறைய வேலை. தயவுசெய்து எழுதாதே.

இதழில் திருத்தம் வந்துவிட்டது, பார்த்திருப்பாய். சங்கத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. என் உறுப்பினர் அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லி, மிக மரியாதையாக. போன சனிக்கிழமை ரொட்டிக் கடையில் ப்ரூனைப் பார்த்தேன். அவர் ரை ரொட்டியின் விலைச் சீட்டை அவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

பரவாயில்லை. இது எனக்குச் சரியாகத்தான் பொருந்துகிறது. கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்.

வெயில் வந்துவிட்டது. பாய்மரப் படகுகள் இறங்கத் தொடங்கிவிட்டன. மணிக்கு ஒரு தடவை பாலத்தைத் தூக்குகிறேன்.

அருங்காட்சியகத்துக்கு எழுதாதே.

ப்ரேபென்

*

லெர்விக்
30 ஏப்ரல் 1984

ப்ரேபென்,

எழுதினேன். ஒரே கடிதத்தில் மூன்று தடவை எழுதாதே என்றால் யார்தான் எழுத மாட்டார்கள்?

ரிக்மோர் பதில் அனுப்பியிருக்கிறார். நான் எச்சரித்ததற்கு நன்றி. உடனே 63-க்குக் கோல் விட்டார்களாம், அவர் ஒரு தடவை, காவலாளி ஒரு தடவை. அடிவரை போகிறது. சுத்தமான காலி. "சிவப்பு அட்டை கட்டி எங்களை நல்லா பயமுறுத்துனீங்க" என்று அந்தக் காவலாளி சிரித்தாராம். அவர் எழுதியபடியே எழுதுகிறேன்.

கடிதம் வந்து ஆறு நாளாயிற்று. முதல் இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன், பிள்ளைகள் வருகிற இடம் என்று. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கோல் இடறி நின்றது, நிறைந்த குழலைக் காலி என்று நினைத்தேன் என்றாய். சரி, அப்படி நடக்கலாம். ஆனால் காலிக் குழலை நிறை என்று எப்படிச் சொல்ல முடியும்? கோல் அடிவரை போய்விடுமே. நீ ஒரு தவறு செய்திருந்தால் பதினொன்றில் ஒன்று தவறும். தவறியது இரண்டு. ஒன்றுக்கொன்று நேர் எதிராக. ஒரே நாளில், அடுத்தடுத்து.

கோல் தவறவில்லை. அட்டை இடம் மாறியிருக்கிறது.

அட்டை என் மேசையில் இருந்தது.

அப்போது நினைவு வந்தது. உருளைக்கிழங்கு. எழுந்து போய்ச் சட்டியை இறக்கி, தீய்ந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் இதே வேலையா என்று உங்கள் இரண்டு பேர்மேலும் எரிச்சல். நீ கொட்டகையிலிருந்து கூவினாய். திரும்பி வந்தபோது மேசையில் இரண்டு அட்டைகள்தான் மிச்சம். 53. 63.

பன்னிரண்டு வருடம் உங்கள் கடைகளில் சில்லறை வாங்கியிருக்கிறேன். ஒரு தடவையும் ஏமாறவில்லை. ஐம்பதை நீங்கள் அரைமூன்று என்பீர்கள், அறுபதை மூன்று என்பீர்கள், இருபது இருபதாக எண்ணிய காலத்திலிருந்து: மூன்று இருபது அறுபது, மூன்றாவது இருபதில் பாதியோடு நின்றால் ஐம்பது. ஒன்றுகளை முன்னால் சொல்வீர்கள். எல்லாம் தெரியும். யோசித்தால் தெரியும். அன்று கையில் சுரண்டி இருந்தது, காதில் பாதி இருந்தது. இரண்டு அட்டைகள், ஒன்று சிறிய எண், ஒன்று பெரிய எண். மூன்று என்று ஒன்று கேட்டது. அரை மூன்று என்று ஒன்று கேட்டது.

எங்கள் ஊர்க் கடிகாரத்தில் மூன்றுக்குப் பிறகுதான் அரை மூன்று வரும். அரை மூன்றைப் பெரிய எண்ணின் அட்டையில் எழுதிவிட்டேன்.

நீ சொன்னதை எண்ணில் எழுதாதே. எழுத்தில் எழுது. வாயால் எப்படிச் சொன்னாயோ அப்படி. எந்த வரிசையில் சொன்னாயோ அந்த வரிசையில்.

இன்னொன்றும் வேண்டும். என் அட்டை தப்பு, சரி. ஆனால் சூடாக்குகிறவன் தானே கோல் விட வேண்டும், அட்டை என்ன சொன்னாலும். அவனுடைய சட்டம் அது. கல்யாண வீட்டில் துடைப்பக் கம்பு கேட்டவன். அன்று ஏன் விடவில்லை? உனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து உன் ஒவ்வொரு கடிதமும் அதைச் சுற்றி நடக்கிறது.

பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன். நீ பொய் சொல்லும்போது குளிர், விரல் என்று விவரம் கொடுக்கிறாய்.

மெரன்

*

சோன்டர்போர்க்
14 மே 1984

மெரன்,

நீ என்று எழுதியிருக்கிறாய். முதலில் அதைத்தான் பார்த்தேன்.

நான் சொன்னது இது. "மூன்றும் அரைமூன்றும், நிறை. மூன்றும் மூன்றும், காலி." இந்த வரிசையில். பலமாகச் சொன்னேன், நடுவில் சுவர் இருந்ததால். ஆனால் அரை என்பதை நாங்கள் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. நாக்கில் பாதியை விழுங்கிவிடுவோம். உனக்கு அது கேட்டதே அதிசயம்.

இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். ஒன்றைச் சொல்லி, நீ எழுதியதாகப் பதில் வந்த பிறகு அடுத்ததைச் சொல்வதுதான் வழக்கம். நீ பதில் கொடுக்கவில்லை. எனக்குப் பசி. இரண்டையும் சொல்லிவிட்டுக் கோலைத் துடைக்கப் போய்விட்டேன். இதை நீ உன் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இனி அந்தச் சனிக்கிழமை, அவன் செத்த நாள்.

53-இன் குழல் வைஸ் இடுக்கியில் இருந்தது. கட்டையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்திருந்தான், அட்டை அதில் தொங்கியது. ஸ்பேனர் போட்டு அடித்திருகைப் பாதி திருப்பிவிட்டான், அதற்கு மேல் துரு விடவில்லை. சூடாக்கக் கேஸ் டார்ச்சை எடுத்தான். நான் எண்ணைப் பார்த்தேன். என்னவோ இடித்தது. அந்த எண்ணில் என் கோல் மூன்று விரல் முன்னால் நின்றதாகக் கையில் ஒரு நினைவு. தலையில் இல்லை, கையில். சொன்னேன்.

"இது நிறைன்னு சொன்ன மாதிரி இருக்கு எனக்கு. இன்னொரு தடவ கோல் விட்டுப் பாரேன்."

அவன் அட்டையைத் திருப்பி எனக்குக் காட்டினான். உன் எழுத்து. எல்லா எழுத்தையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்த்தி எழுதுவாயே, அப்படி.

"மெரன் எழுதினதுடா. உன் ஞாபகத்த நம்பவா, அவ எழுத்த நம்பவா? போ, காபி போடு."

நான் போனேன். தண்ணீர் வைத்தேன்.

ஜனவரியில் உனக்கு எழுதினேன், அவன் அன்று பார்க்கவில்லை, அதில் பொய் இல்லை என்று. உண்மையிலேயே பொய் இல்லை. ஏன் பார்க்கவில்லை என்பதைத்தான் விட்டுவிட்டேன். பிறகு நீ நூலைக் கண்டுபிடித்தாய். உன்னிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லாததால் என்னைக் கொடுத்தேன். அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. கோலை நானே எடுத்து விட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. அவன் அண்ணன், நான் தம்பி, போ என்றால் போகிறவன். ஐம்பதைத் தொடப் போகிற வயதில்.

அட்டையை எரிக்கவில்லை. அதுவும் பொய். பாலத்து அறையில், பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தேன். இதோடு அனுப்புகிறேன். நீ என்ன வேண்டுமானாலும் செய். பின்பக்கத்தில் ஓட்ஸ் பெட்டியின் படம் பாதி இருக்கிறது.

ப்ரேபென்

*

(தபால் அட்டை)

லெர்விக்
28 மே 1984

ப்ரேபென்,

வந்து சேர்ந்தது. என் எழுத்துத்தான்.

ப்ரூனுக்கு எழுதிவிட்டேன். மூன்று பேர் பெயரும் இருக்கிறது. எது யாருடையது என்று பிரித்து எழுதியிருக்கிறேன். அவர் போடுவாரா தெரியாது.

ரிக்மோர் 63-இன் அட்டையை இன்னும் மாற்றவில்லையாம். கட்டியவரே வந்து மாற்ற வேண்டும் என்பது அங்கே சட்டமாம். வருகிறேன். உன்னை மன்னிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அட்டையை மாற்ற.

கப்பல் ஜூன் 9, ஹன்ஸ்ட்ஹோம் துறை. நேரம் 14.30.

எண்ணில் எழுதியிருக்கிறேன்.

மெரன்